மகேந்திர பல்லவரும் தொண்டை நாட்டு ஏரிகளும்

கச்சிமாநகர் தன் நெடிய வாழ்நாளில் பேரரசர் பலரைக் கண்டுளது. அவருட் பெரும்பாலோர் செய்த போர்கள் செப்பேடுகளோடு அடங்கிவிட்டன. ஒருவர் செய்த பணி மட்டும் ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் நிரம்பியும் பங்குனி சித்திரையில் வற்றியும் இன்றளவும் உயிரோடு விளங்குகின்றது. அவர் பல்லவர் குலத்து முதலாம் மகேந்திரவர்மர். குகைக்கோயில் குடைந்தவர், சித்திரக்காரப்புலி எனப் பெயர் பூண்டவர், அப்பர் சுவாமிகள் காலத்தவர் என்று அவரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஏரி கண்டவர் என்று அறிந்தோரோ மிகச் சிலர். ஆதலின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்துத் தாய்மாரும் பிள்ளைகளும் அறிந்துகொள்ளும் பொருட்டு, அவ்வரசர் பெருமானது வரலாற்றை அவருடைய நீர்ப்பணியை நடுவாக வைத்து ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மகேந்திரவர்மர் சிம்மவிஷ்ணுவின் மைந்தர். தந்தையார் காலத்திலேயே பல்லவர் ஆட்சி தெற்கே காவிரிக்கரைவரை பரவியிருந்தது. மகேந்திரர் அரசுகட்டில் ஏறிய ஆண்டு கி. பி. 590 என்பர் சிலர். 600 என்பர் வேறு சிலர். 630-ஐ ஒட்டி அவர் ஆட்சி முடிவுற்றதெனக் கொள்வதே பெரும்பான்மை வழக்கு. அவர் பூண்ட விருதுப்பெயர்களோ எண்ணில. குணபரன், சத்துருமல்லன், அவனிபாஜனன், லளிதாங்குரன், மத்தவிலாசன், விசித்திரசித்தன் என அவை நீளும். இவற்றுள் விசித்திரசித்தன் என்பதே அவர் இயல்புக்கு முற்றும் பொருந்துவது என்பது எம் கருத்து. பிறர் எண்ணாததை எண்ணுதலும், எண்ணியதைக் கல்லிலோ மண்ணிலோ செய்து முடித்தலும் அவர்க்கு இயற்கையாய் இருந்தன.

இளமையில் அவர் சமண சமயம் சார்ந்திருந்தார் என்பது நெடுநாளைய கொள்கை. அக்காலத்துக் காஞ்சியில் அச்சமயம் எத்துணைச் சிறப்புற்றிருந்தது என்பதற்கு நம் திருப்பருத்திக்குன்றமே சான்று. மகேந்திரரின் பாட்டனாராகிய சிம்மவர்மர் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவர்க்கு நிலம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயிற் செப்பேடுகள் கூறுகின்றன. ஆகவே வேகவதியாற்றின் கரையிலுள்ள இவ்வூர் மகேந்திரர் பிறக்குமுன்னரே பெயர்பெற்ற ஊர் எனத் தெளியலாம். (ஊர்ப்பெயரின் முதலிலேயே பருத்தி அமைந்திருத்தல் நெய்தற்றொழிலராகிய நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.) பின்னர் அவர் அப்பர் சுவாமிகளின் பெருமையுணர்ந்து சைவரானார் என்பது பெரியபுராணம் கொண்டு அறிஞர் துணியும் செய்தி. திருவதிகையில் குணபரவீச்சரம் எனத் தம் பெயராற் கோயில் எடுத்தார் என்பதும் அதனோடு ஒட்டியதே. சமயம் மாறிய அரசர் பழைய சமயத்தார்க்குச் செய்தது யாது என்பது பற்றிப் பலர் பலவாறு வழக்கிடுவர். அவ்வழக்கினுள் யாம் புகுகின்றிலேம். திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயில் அழியாது நின்றதும், பல நூற்றாண்டுகளின் பின் விசயநகரத்து அமைச்சர் இருகப்பர் அதற்கு மண்டபம் எடுத்ததும் யாவரும் காணக் கிடப்பன.

மகேந்திரர் நகைச்சுவையும் உடையவர். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நாடகத்தை அவரே இயற்றினார். அது 1917-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திற் கணபதி சாஸ்திரியார் பதிப்பித்தபின் உலகறிந்தது. கள்ளுண்டு களித்த காபாலிகன் ஒருவன் காஞ்சித் தெருவில் தன் கபாலத்தை இழந்து, அதனைப் புத்தபிக்குவே கவர்ந்தான் என்று பூசலிட, ஈற்றில் அதனை ஒரு நாய் கொண்டுபோனது தெரியவரும் கதை அது. தம் காலத்துச் சமயத்தாரது போலி ஒழுக்கத்தை அரசரே நாடகம் எழுதி நகையாடுதல் எளிதில் காணத்தக்கதன்று. தம்மை வணங்கி நிற்கும் கூட்டத்தைக் கண்டு மயங்காதவர்க்கே அது கூடும்.

போர் அவரை விட்டபாடில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி வடக்கிலிருந்து படையெடுத்து வந்தான். காஞ்சிக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் மகேந்திரர் பகைவரை வென்றார் என்று காசாக்குடிச் செப்பேடு புகழும். புலிகேசியின் 634-ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டோ, பல்லவன் காஞ்சி மதிலுள் ஒளிந்தான் என்று பாடும். இரண்டும் அரசர் புகழ் பாட எழுதியனவே. உண்மை நடுவில் இருத்தல் கூடும். வடபகுதிகள் சில பல்லவர் கைவிட்டுப் போயின என்பதில் ஐயமில்லை. பொருளும் ஆளும் போருக்கே செல்லவேண்டிய அக்காலத்தில் அவ்வரசர் வேறு இரண்டு செயல்களுக்கும் பொருளும் ஆளும் ஒதுக்கினார் என்பதே நாம் வியக்கத்தக்கது. ஒன்று கற்பணி, மற்றொன்று நீர்ப்பணி.

கற்பணி யாவரும் அறிந்தது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி நான்முகன், சிவபெருமான், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் கோயில் அமைத்தான் என்று கல்லிற் பொறித்துவைத்தார். பல்லாவரம், தளவானூர், சீயமங்கலம், திருச்சிராப்பள்ளி எனப் பல இடங்களிலும் குன்றுகள் குடையப்பெற்றன. இவற்றுள் திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் உள்ள வடமொழிப் பாடல் ஒன்று நம் பொருளுக்கு இயைந்தது. ஆறுகளின்மேல் விருப்புடைய சிவபெருமான் வளமிக்க காவிரியைக் கண்டால் அவள்மேலும் மையல் கொள்வரோ என்று அஞ்சி, மலைமகள் தன் தந்தையின் இல்லம் விட்டு வந்து அம்மலையிலேயே தங்கி, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றாள் என்பது அதன் கருத்து. அக்கோயிற் சுவரிலேயே கங்கையைச் சடையில் ஏற்கும் பெருமான் உருவமும் புடைப்பாகச் செதுக்கப்பெற்றுளது. விரைந்து வீழும் நீரைத் தாங்கி அடக்கி உலகுக்கு உதவுமாறு விடுதலே அவ்வுருவத்தின் பொருள். ஓர் ஏரி செய்வதும் அதுவேயன்றோ?

இனி நீர்ப்பணிக்கு வருவோம். இராணிப்பேட்டை மாவட்டத்தில், சோளிங்கபுரத்துக்கு அணித்தாக மகேந்திரவாடி என்னும் ஊர் உளது. அங்கே தனிப்பாறை ஒன்றைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் அமைத்து, அதற்கு மகேந்திர விஷ்ணுகிருகம் எனப் பெயரிட்டார் அரசர். அக்கோயிற் கல்வெட்டு, கோயில் இருப்பது மகேந்திரபுரம் என்னும் பேரூரில் மகேந்திர தடாகத்தின் கரையில் என்று சொல்லுகின்றது. ஊர், ஏரி, கோயில் மூன்றும் ஒருவர் பெயரால் ஒருங்கே விளங்குதலை நேயர்கள் நோக்குக. கோயிலுக்காக ஏரி அன்று, ஏரிக்கரையிலே கோயில். நீர் இல்லையேல் ஊர் இல்லை, ஊர் இல்லையேல் கோயிலில் விளக்கேற்ற ஆள் இல்லை என்பதை அறிந்து செய்த வரிசை அது.

காஞ்சிக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால், திருவண்ணாமலை மாவட்டத்துத் தூசி மாமண்டூரில் மற்றொரு பேரேரி உளது. கல்வெட்டில் அது சித்திரமேக தடாகம் எனப் பெயர் பெறும். அதனை அடுத்த குன்றிலும் மகேந்திரர் காலக் குடைவரைகள் உள; அவற்றுள் ஒன்றன் சிதைந்த கல்வெட்டில் மத்தவிலாச நாடகத்தின் பெயரும் காணப்படுகின்றது. சித்திரமேகம் என்னும் பெயரின் அழகை எண்ணிப்பாருங்கள். வானத்து மேகம் பொழிந்துவிட்டுப் போய்விடும். தரையில் அமைத்த இம்மேகமோ அடுத்த அறுவடைவரை இருந்து உதவும்.

ஏரி என்பது யாது, அது தொண்டை நாட்டுக்கு ஏன் இன்றியமையாதது என்பதனை நகரத்திற் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் அறிதல் நன்று. நம் நாட்டுக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. பாலாறு கன்னட நாட்டு நந்தி மலைப்பக்கம் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, நம் நாடு புகுந்து வயலூரருகே கடலிற் கலப்பது. அதில் மேனீர் ஓடும் நாட்கள் ஆண்டிற் சிலவே. பிற நாட்களில் மணலின் கீழே ஊற்றாய் ஒழுகும். நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிந்தது. ஆகவே முன்னோர் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறைத்திங்கள் வடிவாக மண்கரை எழுப்பி, ஆற்றிலிருந்து வரத்துக்கால் வெட்டி, வயலுக்கு நீர்விட மதகும், மிகுநீர் கரையை உடைக்காது வழிந்தோடக் கலிங்கும் அமைத்தனர். ஓர் ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அதன் மிகுதி அதற்கடுத்ததற்கு ஆகும். இவ்வாறு ஏரிகள் மாலையிற் பூக்கள்போல் தொடுக்கப்பெற்றன. இடையில் ஒன்று தூர்ந்தால் கீழுள்ளவற்றிற்கு மழையற்ற நாளில் வறட்சி, மழைநாளில் வெள்ளம்.

ஏரியை வெறுந் தொட்டியாக எண்ணுவோர் உளர். அது தவறு. அதன் அடியில் ஊறிச் செல்லும் நீரே சுற்றுப்புறக் கிணறுகளின் உயிர். அதன் ஓரத்துக் கோரையும் நாணலும் அல்லியும் கலங்கல் நீரைத் தெளிவிக்கும். மீனும் நத்தையும் தவளையும் அவற்றிடை வாழும். அவற்றை நாடிப் பறவை வரும். வேடந்தாங்கல் மக்கள் இதனை நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதல் கண்டு, அவற்றைச் சுடுவோரைத் தடுக்குமாறு முறையிட, 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் பிளேஸ் துரை அவர்கட்கு உறுதிச்சீட்டு அளித்தார் என்பர். அவ்வேடந்தாங்கலும் அதனை அடுத்த கரிக்கிலியும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பெற்றன. ஈரானிய நகரமாகிய ராம்சாரில் 1971-இல் பல நாட்டார் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

மகேந்திரர் மறைந்தபின் அவர் மைந்தர் நரசிம்மவர்மர் வாதாபியை வென்று தந்தையார் கால இழிவைத் துடைத்தார். அவ்வெற்றியின் பயனாக இன்று நம்மிடம் இருப்பது புகழ்ச்சொல் ஒன்றே. ஆனால் மகேந்திரர் தொடங்கிய ஏரிப்பணியோ குலவழக்கமாயிற்று. கொள்ளுப்பேரராகிய முதலாம் பரமேசுவரவர்மர் காலத்தில் காஞ்சியை அடுத்த கூரத்தில் பரமேசுவர தடாகம் வெட்டப்பெற்று, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வழியே அதற்கு நீர் கொணரப்பெற்றது. உத்தரமேரூரில் வைரமேக தடாகம் பல்லவர் காலத்திலேயே எழுந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மகேந்திரரது கற்பணிக்கும் நீர்ப்பணிக்கும் பெரியதோர் வேற்றுமை உண்டு. குடைந்த குகை பார்ப்பார் இல்லாதபோதும் நிற்கும். மண்டகப்பட்டுக் குகையை நூறாண்டு மறந்திருந்தாலும் அது மண்டகப்பட்டுக் குகையாகவே இருக்கும். ஏரியை மூன்றாண்டு மறந்தால் வரத்துக்கால் புதரடையும். பத்தாண்டு மறந்தால் வண்டல் மேடிடும். முப்பதாண்டு மறந்தால் அது மனைப்பட்டாவாக மாறிவிடும். ஆதலின் ஆயிரத்து நானூறு ஆண்டுகளின் பின்னும் மகேந்திர தடாகம் ஏரியாக நிற்கின்றதெனின், அப்புகழிற் பாதி அரசர்க்குரியது. மறுபாதி பெயரறியாத கோடிக்கணக்கான கைகளுக்குரியது. அக்கைகளைப் பற்றிக் கல்வெட்டுக்கள் முற்றும் மறைத்துவிடவில்லை. முதற் பராந்தக சோழரது காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையைக் கூறுதற்காகப் புகழ்பெற்றவை. அம்முறையால் தெரிந்தெடுக்கப்பெற்ற வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதைப் பலர் மறந்து பேசுகின்றனர். ஏரியைப் பேணுதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் நிலம் விடப்பெற்றது. மதகு திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டிகள் இருந்தனர். கோடையில் ஊரார் கூடி வண்டல் வாரி, அதனைத் தம் வயலுக்கே எருவாக இட்டுக்கொண்டனர். குடிமராமத்து என்று வழங்கிய அவ்வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் தளர்ந்தது. அரசாங்கமே யாவும் செய்யும் என்ற எண்ணம் வந்தபின், ஊராரும் வாளா இருந்தனர். 2017-ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசு அப்பழம்பெயரைக் கொண்டே ஒரு திட்டந் தொடங்கிற்று. பெயர் மீண்டது, ஊரார் கூடும் பழக்கம் அவ்வளவு விரைவில் மீள்வதன்று.

பாலாற்றின் மேற்பகுதியிலே என்ன நிகழ்ந்தது என்பதை நாம் நன்கு அறிந்துகொள்ளுதல் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களிலே தோல் பதனிடுவோர் கழித்த நீர் ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதோ முற்றுமோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் கணக்கு இந்திய உச்சநீதிமன்றத்தின்முன் வைக்கப்பெற்றது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அம்மன்றம் அளித்த தீர்ப்பு, கேடு விளைத்தவரே அதனை நீக்கும் செலவையும் ஏற்றல் வேண்டும் என்றும், கேடு வருமுன் காத்தலே முறை என்றும் நிலைநாட்டியது. நாடெங்கும் இன்றும் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டுவர். ஆனால் உவர்ந்துபோன கிணறு தீர்ப்பைக் கேட்டு இனிப்பதில்லை.

இது தோல் தொழிலார் செய்தி, நமக்கென்ன என்று இருத்தற்கில்லை. நம் கையிலும் ஓர் ஆறு உளது, அதுவே வேகவதி. பிரமதேவரின் வேள்வியைக் குலைக்கச் சரசுவதி தேவியே ஆறாகி விரைந்து வந்தாள் என்றும், திருமால் அவள் குறுக்கே அணையாகக் கிடந்தார் என்றும், அவ்விடமே திருவெஃகா என்றும் நம் முதியோர் சொல்லுவர். வேகவணை என்பதே வெஃகணையாகி வெஃகாவாயிற்று என்பது ஆன்றோர் கூறும் சொல்வழக்கு. திருப்பருத்திக்குன்றத்தைத் தொட்டு, நகரின் தெற்குப்பக்கமாக ஓடி, திருமுக்கூடலிற் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுவது அது. இன்று அதன் நிலையை நேயர்கள் நேரிற் கண்டிருப்பர். கரையிரண்டும் நெருக்குண்டன; ஆகாயத்தாமரை படர்ந்துளது; நகரத்துச் சாக்கடை அதிற் கலக்கின்றது. கரையில் குடிசையிட்டோரையே யாவரும் குறை கூறுகின்றனர். அவருட் பலர் வேறு புகலற்ற கூலியாளர். அவர்கட்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அரசினர் அடுக்குமனைகள் எழுப்பியுமுள்ளனர். மாடி வீடுகளின் கழிவுக்குழாயும் அவ்வாற்றை நோக்கியே திரும்பியிருத்தலை ஒருவரும் பேசுவதில்லை.

நெய்தற்றொழிலராகிய நாமும் அவ்வாற்றுக்குக் கடன்பட்டவர்கள். பச்சைப்பட்டைச் சவர்க்காரமும் சோடாவும் இட்டு அவித்துப் பசை நீக்குவதும், சாயமிட்ட நூற்கழியை அலசுவதும் நீரின்றி ஆகா. நம் பட்டின் மெருகுக்கு இந்நீரே காரணம் என்று நம் பாட்டன்மார் பெருமை பேசினர். அவர் காலத்துச் சாயம் பட்டையும் வேரும் பூவும் அரக்கும். ஆற்றில் விட்டால் மட்கி ஒழிவது. இக்காலத்துச் சாயம் இரசாயனம். அதனோடு சேர்ந்த அமிலமும் உப்பும் மட்குவன அல்ல. ஒரு பட்டறை விடுவது ஓர் அண்டாவே யாயினும் பல பட்டறைகளின் அண்டாக்கள் கூடினால் அஃதும் ஓர் ஓடையே. சிறுதொழில் செய்யும் ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்திகரிப்புச் சாலை வைத்தல் இயலாது. தெருவுக்கொன்றாகப் பொதுத்தொட்டி அமைத்தல் இயலும். அதற்கு வேண்டுவது பணம் மட்டுமன்று. அண்டை வீட்டாரோடு உடன்பாடும் வேண்டும். உத்தரமேரூரார் வாரியம் அமைத்துச் செய்ததை நம் தெருவார் ஒரு சிறு குழு அமைத்துச் செய்யலாகாதோ? ஏரிகளிலுள்ள ஆக்கிரமிப்புக்களை அகற்ற 2007-ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டிற் சட்டம் இயற்றப்பெற்றுளது. சட்டம் அதிகாரியின் கையில் உளது. சாய அண்டா நம் கையில் உளது.

2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு இருகரையும் புரளப் பெருக்கெடுத்தது. மணலையும் ஊற்றையுமே பாலாறு என்று அறிந்திருந்த இளைஞர் பலர், ஆறு என்றால் யாது என்று அன்றே கண்டனர். அவ்வெள்ளத்தில் மிகப் பெரும்பகுதி சில நாட்களிற் கடலை அடைந்துவிட்டது. தூராத வரத்துக்கால் உள்ள ஏரிகளே தம் பங்கைப் பெற்றுக்கொண்டன.

காஞ்சியில் நாம் குடிக்கும் நீரும் அப்பாலாற்றினதே. ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்தே அது நகருக்கு வருகின்றது. வேகவதி கொண்டுசெல்வதோ திருமுக்கூடலில் அதே பாலாற்றை அடைகின்றது. அங்கே வீரராசேந்திர சோழர் காலத்தில் பெருமாள் கோயிலைச் சார்ந்து பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை ஒன்று நடைபெற்றதென்று அக்கோயிற் கல்வெட்டால் அறிகின்றோம். மருத்துவரும் மருந்தும் செவிலியரும் இன்னின்னவாறு என்று அதில் விரிவாக வகுக்கப்பெற்றுளது. நோயாளிகட்கு நீர் கொணர்ந்தோர் மூன்றாறுகளும் கூடும் அத்துறையிலேயே முகந்திருத்தல் வேண்டும். அங்கிருந்து கடல்வரை ஆற்றின் இருமருங்கும் உள்ள ஊரார் இன்றும் அந்த மணலில் ஊறும் நீரையே நம்பி வாழ்கின்றனர்.